காவல்காரனை ஏமாற்றிய எழுத்து

இரும்பு துருப்பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். டி.என்.ஏ.வுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான் என்றால் நம்புவீங்களா?

நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனிலிருந்தே செல்லுக்குள் சில முரட்டு மூலக்கூறுகள் உண்டாகுது. டி.என்.ஏ.வின் நாலு எழுத்துகளில் (அடினின், தைமின், குவானின், சைட்டோசின்) அதுங்களிடம் சுலபமாக மாட்டுவது குவானின். ஒரே ஒரு ஆக்ஸிஜன் அணு ஒட்டிக்கிட்டா போதும், அது 8-ஆக்ஸோகுவானின் ஆயிடும். அந்த ஒற்றை அணு செய்யும் வேலையைப் புரிஞ்சுக்க 20 வருஷம் ஆச்சு.

கதை தொடங்குவது டோக்கியோவில். 1984-இல் கசாய், நிஷிமுரா என்ற இரண்டு ஜப்பானியர்கள், சமைத்த உணவில் மரபணுவைக் கெடுக்கும் பொருட்கள் என்னென்ன என்று தேடிக்கிட்டிருந்தாங்க. அந்தத் தேடலில் அகப்பட்டதுதான் இது. சோதனைக் குழாயில் வைட்டமின் சி கூட குவானினை இப்படி மாற்றியது! (உடனே ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கி எறியாதீங்க, அது சோதனைக் குழாய் சமாசாரம் :-))

சரி, மாறினால் என்ன? குவானினுக்கு ஜோடி சைட்டோசின். ஆனா 1991-இல் அமெரிக்காவில் ஷிபுடானி, கிரோல்மன் குழு பார்த்தபோது, டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் என்சைம்களில் சில, இந்தக் கெட்ட எழுத்துக்கு எதிரே அடினினை வைத்தன. அடுத்த நகலில் அந்த அடினினுக்கு எதிரே தைமின் வந்து உட்காரும். குவானின் இருந்த இடத்தில் தைமின். எழுத்துப் பிழை நிரந்தரம்.

இங்கேதான் புதிர். பாலிமரேஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு ஜோடியின் வடிவத்தையும் தடவிப் பார்த்து, சரியில்லைன்னா அப்படியே நின்னுடும். அப்பேர்ப்பட்ட காவல்காரன் எப்படி ஏமாந்தான்?

விடை 2004-இல் எக்ஸ்-ரே படிகங்களில் கிடைத்தது. ட்யூக் பல்கலைக்கழகத்தின் லொரீனா பீஸி குழு ஒரு பாக்டீரியா பாலிமரேஸைப் படிகமாக்கிப் படம்பிடித்தது. அதே ஆண்டு டாம் எல்லன்பெர்கர் குழு டி-7 வைரஸின் பாலிமரேஸில் பார்த்தது. ஒட்டிய ஆக்ஸிஜன் பக்கத்தில் இருக்கும் முதுகெலும்போடு இடிக்குது. அதனால் குவானின் தலைகீழாகப் புரண்டு படுக்குது. புரண்டதும் அந்த ஆக்ஸிஜன், காவல்காரன் தடவிப் பார்க்கும் இடத்தில், தைமினின் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய அதே இடத்தில் வந்து நிற்குது. அடினின்-தைமின் ஜோடி மாதிரியே அச்சு அசலா இருக்கும்! கொடுமை என்னன்னா, சரியான சைட்டோசின் வந்தால்தான் ஜோடி கோணலாகி என்சைம் தடுமாறுது. பொய் நேராகவும் உண்மை கோணலாகவும் தெரியும் இடம்.

இன்னொரு வேடிக்கை. கொதிக்கும் அமில ஊற்றுகளில் வாழும் சல்ஃபோலோபஸ் நுண்ணுயிரியில் டிபிஓ-4 என்று ஒரு பாலிமரேஸ் உண்டு. நல்ல டி.என்.ஏ.வில் எக்கச்சக்கமா தப்பு செய்யும் ஆசாமி. ஆனா 8-ஆக்ஸோகுவானினைப் பார்த்தால் பெரும்பாலும் சைட்டோசினைச் சரியா வைக்கும்! 2006-இல் வந்த படிகப் படங்களில் காரணம் தெரிந்தது. அதன் ஆர்ஜினின் ஒன்று கெட்ட எழுத்தின் ஆக்ஸிஜனைப் பிடித்து, புரளவிடாமல் வைத்திருக்குது.

நம்ம செல்லில் பெரும்பாலான நகலெடுப்பு கறாரான பாலிமரேஸ்களின் கையில். அவை ஏமாந்த இடத்தைச் சரிசெய்ய இன்னொரு காவல் இருக்கு. தப்பாக வந்த அடினினை வெட்டி எடுக்கும் என்சைம் அது, பாக்டீரியாவில் பெயர் மியூட்-ஒய். மனிதர்களிடமும் அதன் பங்காளி உண்டு. அது இல்லாவிட்டால்? 2002-இல் பிரிட்டனில் ஒரு குடும்பத்தில், உடன்பிறந்தவர்களுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்த காரணத்தைத் தேடியபோது தெரிந்தது. கட்டிகளில் குவானின் இருந்த இடமெல்லாம் தைமினாக மாறும் பிழைகள் குவிந்திருந்தன. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த இரண்டாவது காவலின் பழுதான மரபணுவையே அவங்க வாங்கியிருந்தாங்க. இப்போது அதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கு. பழுது தெரிந்தவர்கள் குடலை அவ்வப்போது பரிசோதித்து, கட்டி புற்றாக மாறும் முன்னே எடுத்துவிட முடிகிறது.

சாப்பாட்டில் தொடங்கிய ஆராய்ச்சி, கடைசியில் குடலில் வந்து முடிஞ்சிருக்கு பாருங்க!