பழைய மேசைக் கணினியில் டிவிடி டிரைவ் பொருத்துதல்

டிவிடி டிரைவ் இல்லாமல் வாங்கிய கணினியில், இருக்கும் சி.டி. டிரைவை எடுத்துவிட்டோ அதற்குத் துணையாகவோ டிவிடி படிக்கும், எழுதும் டிரைவை இணைக்கும் வேலை இது. டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள்வரை விலை குறைந்த கணினிகள் சி.டி. டிரைவோடுதான் விற்றன. சி.டி.யின் கொள்ளளவு 700 மெகாபைட். ஓரடுக்கு டிவிடியில் 4.7 கிகாபைட்டும் ஈரடுக்கில் 8.5 கிகாபைட்டும் கொள்ளும். சி.டி.யில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, டிவிடியில் 0.74 மட்டுமே. சி.டி. டிரைவின் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு அவ்வளவு நெருக்கமான தடம் பிடிபடாது. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் வேண்டும். ஆகவே எந்த மென்பொருளை நிறுவினாலும் சி.டி. டிரைவ் டிவிடியைப் படிக்காது. டிரைவையே மாற்றியாக வேண்டும்.

அளவைப் பற்றிக் கவலை இல்லை. முன்பக்கத்தில் உள்ள ஐந்தேகால் அங்குல அறை தலைமுறை தலைமுறையாக மாறவில்லை; நேற்றைய டிரைவும் இருபது ஆண்டுக்கு முந்தைய கேபினட்டில் அப்படியே உட்காரும். விதிவிலக்கு, படுக்கை வடிவில் வரும் சிறிய அலுவலகக் கணினிகள். அவற்றில் மடிக்கணினிக்குரிய மெல்லிய டிரைவ்தான் நுழையும். சிக்கல் வருவதெல்லாம் பின்பக்க இணைப்பில்.

ஐ.டி.இ.யா, சாட்டாவா?

கடைக்குப் போகுமுன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி மதர்போர்டைப் பார்த்துவிட வேண்டும். அகலமான நாடாபோன்ற கேபிளும் இரண்டு வரிசையில் 40 முள் கொண்ட சாக்கெட்டும் இருந்தால் ஐ.டி.இ.; கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய, 'எல்' வடிவப் பிளவுள்ள 7 முனைச் சாக்கெட் இருந்தால் சாட்டா. சாட்டா 2003 வாக்கில் கடைகளுக்கு வந்தது. 2006இல் இன்டெல் தன் 965 வரிசைச் சிப்செட்டிலிருந்து ஐ.டி.இ.யை நீக்கியது, அதன்பிறகும் போர்டு தயாரிப்பாளர்கள் தனிச் சிப் ஒன்றை வைத்து ஒரு ஐ.டி.இ. சாக்கெட்டைத் தந்துவந்தார்கள். அந்த இடைக்காலப் போர்டுகளில் இரண்டுமே இருக்கும். அப்போது சாட்டா டிரைவை வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஐ.டி.இ. மட்டும் உள்ள கணினியில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. ஒரு கேபிளில் இரண்டு சாதனங்கள்வரை இணைக்கலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். எது எது என்பதை டிரைவின் பின்புறம் உள்ள முள்களில் செருகும் ஜம்பர் எனும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் துண்டு தீர்மானிக்கிறது. இரண்டும் மாஸ்டர் என்றோ இரண்டும் ஸ்லேவ் என்றோ இருந்தால் ஒன்று காணாமல் போகும். சில வேளை வன்தட்டும் சேர்ந்து மறைந்துவிடும். 'புது டிரைவ் போட்டதும் கம்ப்யூட்டரே கிளம்பவில்லை' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துண்டைத்தான்.

மூன்றாவது வழி 'கேபிள் செலக்ட்'. இதில் கேபிளில் உள்ள இடமே பொறுப்பைக் கொடுத்துவிடும். 80 இழைக் கேபிளின் நீல முனை மதர்போர்டுக்கு, கோடியில் உள்ள கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு. பழைய 40 இழைக் கேபிளும் டிவிடி டிரைவுக்குப் போதும்: அது நொடிக்கு 33 மெகாபைட் தாங்கும், 16எக்ஸ் வேகத்தில் ஓடும் டிவிடியோ 22 மெகாபைட்டைத்தான் அனுப்பும். ஆனால் அதே கேபிளில் வன்தட்டையும் மாட்டினால் வன்தட்டின் வேகம் அடிவாங்கும். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு சாதனம்தான் பேச முடியும் என்பதால், வன்தட்டை முதல் சாக்கெட்டிலும் டிவிடி டிரைவை இரண்டாம் சாக்கெட்டில் மாஸ்டராகவும் வைப்பதே நல்லது. கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதல் முள்ளைக் குறிக்கும். பெரும்பாலான டிரைவுகளில் அந்தக் கோடு மின்சாரச் சாக்கெட் பக்கம் வரும்.

சாட்டாவில் இந்தத் தொல்லை ஏதும் இல்லை. ஒரு கேபிளுக்கு ஒரு சாதனம், ஜம்பர் கிடையாது. மின் இணைப்பைத்தான் பார்க்க வேண்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கிகளில் மஞ்சள் (12 வோல்ட்), சிவப்பு (5 வோல்ட்), இரு கறுப்புக் கம்பிகள் கொண்ட நான்கு முனை மோலெக்ஸ் மட்டும் இருக்கும். சாட்டா டிரைவுக்கு வேண்டியது 15 முனை. இதற்கு மாற்றுக் கம்பி கிடைக்கிறது. பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த மலிவுக் கம்பிகள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிக் கருகியது உண்டு. கம்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகப்பட்டது கண்ணுக்குத் தெரியும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மாட்டும் வேலை

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினட்டின் வெறும் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். முன்பக்க மூடியை நெம்பி எடுத்தால் பின்னால் பல கேபினட்டுகளில் ஒரு தகரத் தகடு இருக்கும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்து வரும், ஓரம் விரலைக் கிழிக்கும். டிரைவை வெளியிலிருந்து உள்ளே தள்ள வேண்டும். திருகாணிகள் மெல்லிய மரையுள்ள எம்3 வகை. வன்தட்டுக்கான தடித்த மரைத் திருகாணியை முறுக்கினால் ஏறுவதுபோல் ஏறி, துளையின் மரையைத் தின்றுவிடும்.

கணினியை இயக்கியதும் பயாஸில் டிரைவின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரியாத டிரைவை விண்டோஸில் தேடிப் பயனில்லை. கேபிளுக்கும் ஜம்பருக்கும் திரும்ப வேண்டியதுதான்.

தெரிந்தும் படம் திக்கித் திக்கி ஓடினால் காரணம் வேறு. விண்டோஸ் எக்ஸ்பி, கீறல் விழுந்த தட்டைப் படிக்கும்போது நேரும் பிழைகள் ஆறு சேர்ந்ததும் டிரைவை வேகமான டி.எம்.ஏ. முறையிலிருந்து மெதுவான பி.ஐ.ஓ. முறைக்கு இறக்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு தரவையும் பிராசசரே சுமக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை நீக்கிக் கணினியை மறுபடி தொடங்கினால் பழைய நிலை திரும்பும். இதை அறியாமல் நல்ல டிரைவைக் குப்பையில் போட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

எக்ஸ்பியில் டிவிடி படங்களுக்கான எம்பெக்-2 டிகோடர் கிடையாது என்பதால் படம் பார்க்க வி.எல்.சி. போன்ற ஒரு பிளேயர் வேண்டும். விண்டோஸ் 8 தொடங்கி வந்தவற்றிலும் இதே நிலைதான். வெளிநாட்டிலிருந்து வந்த படத்தட்டு என்றால் மண்டலக் குறியீடு குறுக்கே நிற்கலாம். இந்தியாவும் இலங்கையும் 5ஆம் மண்டலம்; 2000க்குப் பின் வந்த டிரைவுகளில் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்ற முடியும், கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும். வீட்டில் எழுதிய கல்யாணத் தட்டுகளுக்கு இந்தத் தடை இல்லை.

புதிய ஐ.டி.இ. டிரைவ் கிடைப்பது இன்று அரிது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையதைத்தான் தேட வேண்டும். வாங்கும்போது டிரைவின் டிரேயைத் திறந்து மூடிப் பாருங்கள்: உள்ளே ஓடும் சிறு ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் டிரே பாதியில் நிற்கும். முன்பக்க ஊசித் துளையில் கம்பியைக் குத்தினால் திறக்கும் என்றாலும் அது அன்றாட வழியல்ல. யூ.எஸ்.பி. டிரைவ் இன்னொரு வழி, ஆனால் யூ.எஸ்.பி. 1.1 மட்டும் உள்ள கணினியில் அது டிவிடியின் 1எக்ஸ் வேகத்துக்கே, அதாவது நொடிக்கு 1.385 மெகாபைட்டுக்கே ஈடுகொடுக்காது. நான்கைந்து தட்டுகளில் உள்ளதை எடுத்து வைப்பது மட்டுமே நோக்கமென்றால் பழைய கணினியைத் திறக்க வேண்டாம், யூ.எஸ்.பி. டிரைவை ஒரு புதிய கணினியில் செருகி நகலெடுத்துக்கொள்வதே செலவும் நேரமும் குறைந்த வழி.