காம்ப்டோதெசின்: மரப்பட்டையிலிருந்து நுரையீரல் புற்றுநோய் மருந்து வரை

தாவரச் சாற்றை ஏ549 என்னும் நுரையீரல் புற்றணுக்களின்மீது இட்டு, அவற்றுள் பாதி மடியும் செறிவைக் கணக்கிட்டு, ‘புற்றுநோய் எதிர்ப்பாற்றல் உண்டு’ என முடிவுரைக்கும் ஆய்வேடுகள் நம் பல்கலைக்கழகங்களில் மிகுந்துள்ளன. அம்முடிவு எதுவரை செல்லும் என்பதைக் காம்ப்டோதெசின் என்னும் அல்கலாய்டின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1950களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பிலடெல்பியா ஆய்வகத்தில் மன்ரோ வால் தாவரங்களில் தேடியது புற்றுநோய் மருந்தையன்று. கார்ட்டிசோன் தயாரிப்பதற்கான ஸ்டீராய்டு மூலப்பொருளையே. அங்குச் சேர்ந்திருந்த சாறுகளில் ஓராயிரத்தைத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜோனத்தன் ஹார்ட்வெல் சோதனைக்குப் பெற்றார். காம்ப்டோதீகா அக்யூமினேட்டா என்னும் சீன மரத்தின் சாறு சுண்டெலிக் கட்டியைக் கட்டுப்படுத்தியது. வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் நிறுவனத்திற்கு மாறிய வால், மன்சுக் வாணி முதலியோருடன் சேர்ந்து, சேர்மத்தைப் பிரித்து அதன் அமைப்பை 1966இல் வெளியிட்டார். பிரித்தெடுத்த பகுதிகளுள் எது வீரியமுடையது என்பதைச் சுண்டெலி இரத்தப் புற்றுநோயே காட்டியது. ஏ549 அணுவரிசை அன்று உருவாகியிருக்கவேயில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிப் பின்னர்ப் பம்பாய் சீபா ஆய்வு மையத்திற்குத் தலைமையேற்ற டி. ஆர். கோவிந்தாச்சாரி, என். விசுவநாதனுடன் இணைந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா ஃபோட்டிடா மரத்திலும் இச்சேர்மம் உள்ளதை 1972இல் அறிவித்தார்.

இச்சேர்மம் நீரில் கரையாது. ஆகவே அதன் லாக்டோன் வளையத்தைத் திறந்து சோடியம் உப்பாக்கி நோயாளிகளுக்குச் செலுத்தினர். பயன் சிறிது, எலும்பு மச்சை ஒடுங்கியது, சிறுநீர்ப்பையில் குருதி கசிந்தது. 1970களின் தொடக்கத்திலேயே மருத்துவச் சோதனை நின்றது. வீரியம் மூடிய வளையத்தில்தான் உள்ளது என்பதும், அமிலச் சிறுநீரில் வளையம் மீண்டும் மூடிக்கொள்வதும் பின்னரே தெளிவாயின. இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. மனிதக் குருதியின் அல்புமின், திறந்த வடிவத்தை இறுகப் பற்றி, மருந்தைச் செயலற்ற நிலையிலேயே நிறுத்துகிறது. சுண்டெலியின் அல்புமின் அவ்வளவு பற்றுவதில்லை. சுண்டெலியில் கண்ட வெற்றி மனிதரில் ஏன் தேய்ந்தது என்பதற்கு இது ஒரு விடை.

டோபோஐசோமெரேசு 1 என்னும் நொதியே இதன் இலக்கு என்பது 1985இல் அறியப்பட்டதும் ஆர்வம் மீண்டது. வழிச்சேர்மமான இரினோடெக்கான் 1994இல் சப்பானில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கப்பட்டது. டோபோடெக்கான் 1998இல் அமெரிக்காவில் சிற்றணு நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கப்பட்டது. இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. இரினோடெக்கான் நேரடியாக அணுக்களைக் கொல்வதில் வலிமை குன்றியது. உடலின், சிறப்பாகக் கல்லீரலின், நொதிகள் அதை எஸ்என்-38 ஆக மாற்றிய பின்னரே முழு வீரியம் வெளிப்படுகிறது. தட்டுச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இதைப் பின்தள்ளியிருக்கக்கூடும். ஆக, தட்டு இருபுறமும் பிழைக்கும்: மனித உடலில் தோற்பதை வென்றதாகவும், வெல்வதைத் தோற்றதாகவும் காட்டக்கூடும்.

நம் ஆய்வேடுகளில் அணுக்கள் பெரும்பாலும் கன்றின் கருச் சீரத்தில் வளர்க்கப்படுகின்றன. காம்ப்டோதெசினைச் செயலிழக்கச் செய்த மனித அல்புமின் அதில் இல்லை. மனிதச் சீரம் சேர்த்த ஊடகத்திலும், கல்லீரல் நொதிகளின் முன்னிலையிலும், இயல்பான நுரையீரல் அணுக்களின்மீதும் அதே சாற்றைச் சோதித்த முடிவுகளை உடன் தருமாறு ஆய்வு நெறியாளர்கள் கேட்கலாம்.