குழலுக்கு ஒரு வகுப்பறை

ஆநிரை மேய்த்தவனின் கருவி குழல். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை கொன்றை, ஆம்பல், முல்லை என அதை வகைப்படுத்துகிறது. பெரியபுராணத்தின் ஆனாயர் குழலில் ஐந்தெழுத்தை வாசித்தே நாயன்மாரானவர். ஆயினும் கர்நாடகக் கச்சேரி மேடையில் அது தனிக் கருவியாக அமர்ந்தது மிகப் பிந்தியே. அதைச் சாதித்தவர் கண்பார்வையற்ற கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). அவருடைய மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் அந்த இடத்தை நிலைப்படுத்தினார். விரல் பிடிப்பையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகத்தைக் குழலுக்குள் கொணர்ந்தவர் மாலி (1926–1986).

மேடைக்குப் பின் வந்தது கல்லூரி. 1929இல் சிதம்பரத்திலும், 1949இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு சென்னையிலும் இசைக் கல்லூரிகள் தோன்றின. குருவின் வீட்டில் உறவும் பிறப்பும் பார்த்துக் கிடைத்துவந்த இடம், ஒரு விண்ணப்பப் படிவத்தாலும் கிடைக்கலாம் என்றானது. இது சிறிய மாற்றமன்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலிலிருந்து பார்த்தால் அம்மாற்றம் பாதி வழியில் நிற்பது தெரியும். விருதுநகர் மாவட்ட அரசு இசைப்பள்ளியின் பாடங்கள் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு. சுந்தரர் பாடிய தலமான திருச்சுழியலின் பிள்ளை தேவாரத்தை முறையாகக் கற்க இங்கே வழியுண்டு; குழலைக் கற்க இல்லை. ஆட்டுக்கிடை போடும் கீதாரி வீட்டுச் சிறுவன் தனி ஆசிரியருக்குப் பணம் தேட வேண்டும். அல்லது சென்னைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடிப்படைப் பாடம் கைவந்தவர்களோடு அங்கே அவன் போட்டியிட வேண்டியிருக்கும்.

மேய்ச்சல் நிலத்தின் கருவி மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்பப் பாடப்பட்டியலில் எட்டாவதாக ஒரு சொல் போதும்.