உப்பும் வெந்நீரும்

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையில் மலையேறும் புகையிரதம் றொசல்லயில் நிற்கிறது. 1885இல் நானுஓயாவை எட்டிய அந்த இருப்புப் பாதை, தோட்டங்களின் விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக இடப்பட்டது. இரு மருங்கும் தேயிலை; அதன்மேல் பனிமூட்டம். பக்கத்து வட்டவளையோ ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம். இத்தகைய ஈரத்தில் நின்று கொழுந்தெடுத்து, மாலையில் விறகுப் புகை சூழ்ந்த லயன் காம்பிராவுக்குத் திரும்புவோருக்கு மூக்கடைப்பும் நெற்றிப் பாரமும் புதியனவல்ல. நம் சித்த வைத்தியர்கள் பீனிசம் என்று பெயரிட்டுப் பேசிய நோயும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. கொதித்து ஆறிய இளஞ்சூட்டு நீரில் உப்பைக் கரைத்து, தலையைச் சாய்த்து, ஒரு நாசியில் வார்த்து மறு நாசி வழியே வெளியேற்ற வேண்டும். லீற்றருக்கு ஏறத்தாழ ஒன்பது கிராம் உப்பு போதும். 'செலவில்லாத வைத்தியம்' என்று இதைப் புகழாதவர் இல்லை. செலவில்லாதது என்ற அந்தச் சொல் யாருக்குப் பொருந்தும் என்பதே நமது ஆராய்ச்சி.

முதலில் இதன் பழைமையைப் பற்றிச் சிறிது. ஐயாயிரம் ஆண்டுக் கலை என்று மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உள்ளனர். நூல்கள் சொல்வது அவ்வளவு ஆரவாரமானதல்ல. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோக பிரதீபிகையில் 'நேதி' என்ற கிரியை வருகிறது; ஆனால் அங்கே நாசியில் செலுத்தப்படுவது நூலிழை, நீரன்று. அதற்குப் பிந்திய கேரண்ட சம்ஹிதையில் மூக்கால் நீரை ஈர்த்து வாயால் உமிழும் முறை உண்டு. அதற்குப் பெயர் வேறு. முஸ்லிம் மக்களோ தொழுகைக்கு முந்திய ஒளுவில் நாசிக்குள் நீரேற்றிச் சுத்தம் செய்வதை நூற்றாண்டுகளாக அன்றாட வழக்காகவே கொண்டுள்ளனர். ஐரோப்பாவில் 1864ஆம் ஆண்டு துடிகும் என்ற ஜெர்மானிய மருத்துவர் லண்டனிலிருந்து நாசி நீர்ப்பாய்ச்சலைப் பற்றி எழுதினார். அந்த நூற்றாண்டின் இறுதியில் ஹாம்பர்கர் என்ற டச்சு அறிஞர், குருதியோடு ஒத்துப்போகும் உப்பின் அளவு நூற்றுக்கு 0.9 பங்கு என்று கண்டார். எந்த ஒரு சாதிக்கோ சமயத்துக்கோ தேசத்துக்கோ இது தனிச் சொத்தன்று.

அந்த அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெறும் நீர் நாசியில் ஏறினால் எரியும். அளவான உப்புநீர் எரியாது. மூக்கின் உட்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, சளியையும் அதில் சிக்கிய தூசியையும் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. சளி இறுகி, கன்னத்திலும் நெற்றியிலுமுள்ள எலும்பறைகளின் வாயில் அடைபடும்போது பாரமும் வலியும் தோன்றுகின்றன. உப்புநீர் சளியை இளக்கித் தூசியைக் கழுவுகிறது. நாட்பட்ட நோயாளருக்கு இதனால் ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோரின் முடிவு. நோயை வேரறுக்கும் மருந்தென்று அவர்கள் சொல்லவில்லை.

வேர் எங்கே இருக்கிறது? ஒரு பகுதி தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருக்கிறது. உலர்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையிலும் பெட்டியிலடைக்கும் இடத்திலும் பறக்கும் நுண்தூசியைத் தொழிலாளரின் நாசிதான் முதலில் வாங்குகிறது. இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட 1970இல் தேயிலை தயாரிப்போரின் ஆஸ்துமா பற்றியும், 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றியும் மருத்துவ ஏடுகளில் எழுதினார். சிலோன் தேயிலையின் மணத்தை உலகம் புகழத் தொடங்கி எத்தனையோ காலம் சென்ற பின்னரே, அதைச் சலித்தவனின் மூச்சு ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று!

இனி உப்புக்கு வருவோம். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் கண்டிச் சீமைக்கு நடந்த காலத்தில், அவர்கள் விட்டுவந்த நாட்டில் உப்புக்கு வரி இருந்தது. வந்து சேர்ந்த நாட்டில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். டச்சுக்காரர் கைக்கொண்டதை ஆங்கிலேயர் தொடர்ந்தனர். கடலோரத்தில் வெயில் இலவசமாகச் சமைத்துத் தரும் பண்டத்தை அனுமதியின்றி அள்ளுவது குற்றம். விளைந்ததெல்லாம் அரசாங்கக் களஞ்சியத்துக்கே போக வேண்டும். 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வுல்ஃப், உப்பு வாரும் வேலையைத் தாமே நின்று மேற்பார்வை செய்தவர். பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து எழுதிய அதே வுல்ஃப்தான். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது பழமொழி. உப்புக்கு வரியிட்டவரையும் நம் மக்கள் மறக்கவில்லை. 1930இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் அதற்குச் சாட்சி. இன்று உப்பு மலிவு. மூன்று பொருள்களில் இந்த ஒன்றின் வழக்காவது தீர்ந்தது.

நீரின் வழக்கு நீண்டது. தோட்டங்களில் மருத்துவ வசதி வேண்டுமென்று 1872இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், 1916இல் ரொக்பெல்லர் ஸ்தாபனத்தார் மாத்தளைப் பகுதியில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது கண்டது என்ன? மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். மலசலகூடங்கள் போதாமையால் மண்ணிலிருந்து புழு மீண்டும் காலேறியது. மருந்துக்கு இணங்கிய துரைமார் பலர், கக்கூஸ் கட்டும் செலவுக்குத் தயங்கினர். மண்ணில் கிடந்ததை மழை சும்மா விடுமா? அது ஓடைக்கு வந்தது. ஓடையிலிருந்து பீலிக்கு வந்தது. பீலி நீர் பளிங்குபோல் தோன்றும். பளிங்குத் தோற்றம் தூய்மைக்கு அத்தாட்சியாகாது.

மூக்குக்கு ஏற்றும் நீரில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. வெப்பமான நன்னீரில் வாழும் அமீபா ஒன்று, குடித்தால் கேடு செய்யாது. நாசி வழியே புகுந்தாலோ மூளையை எட்டி உயிரைக் குடிக்கும். 1965இல் அவுஸ்திரேலியாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட நோய் இது. கராச்சியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் மாண்டவருட் பலர் எந்தக் குளத்திலும் நீந்தாதவர்கள். ஒளுவின்போது நாசியில் ஏற்றிய நீரின்மீதே ஆய்வாளரின் ஐயம் விழுந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011இல் குழாய் நீரால் மூக்குக் கழுவிய இருவர் மாண்டனர். நோய் மிக அரிதுதான். மலைநாட்டுக் குளிர்நீர் அந்த அமீபாவுக்கு உகந்ததுமன்று. ஆயினும் கொதிக்க வைக்காத நீரை மூக்கில் விடாதே என்ற விதிக்கு விலக்கில்லை. தளதளவெனக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும்; ஆறாயிரத்தைந்நூறு அடிக்கு மேற்பட்ட உயரங்களில், நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால், மூன்று நிமிடம்.

ஆகவே நெருப்பு வேண்டும். பழைய லயன் காம்பிராவின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேயோ, ஒட்டிய சிறு தாழ்வாரத்திலோ அடுப்பு. மூக்கைத் திறக்க நீரைக் காய்ச்சும் அதே அடுப்பின் புகை மூக்கை அடைக்கிறது. இந்த முரண்பாட்டை எந்த மருந்துச்சீட்டில் எழுதுவது? 2022இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கு வரிசை நின்றபோது நகரத்தார் விறகுப் புகையின் அருமையைச் சில மாதங்கள் அறிந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரை லீற்றர். காலையும் மாலையுமாக ஒரு லீற்றர். வீட்டில் நால்வருக்கு அடைப்பென்றால் நான்கு லீற்றர். அவ்வளவையும் பீலியிலிருந்து சுமந்து, விறகு பொறுக்கிக் காய்ச்சி, ஆறவைத்து, காலைப் பங்கைப் பெரட்டுக்குப் போகுமுன் முடிக்க வேண்டும். ரொட்டி சுட்டு, தேநீர் ஊற்றி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் சேர்ப்பதும் அதே விடியற்காலையில்தான். அத்தனையையும் செய்வதும் அதே இரண்டு கைகள்தான்.