வாசல் இல்லாத தொழிலாளர்

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடல், சங்கமாய்ச் சேர்வது தொழிலாளரின் இயற்கை உரிமை என எடுத்துரைத்தது. நம் நாட்டின் முன்னோடிச் சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தோன்றியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரை பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் அதில் ஒன்று திரட்டினர். ஆலைக்கு வாசல் உண்டு. சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கானோர் ஒருசேர வெளியே வருவர். கோரிக்கை வைக்க ஒரு நிர்வாகமும் இருந்தது.

ஆனால் சித்தாள், சுமை தூக்குவோர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோருக்கு அத்தகைய வாசல் ஏது? இன்று ஓரிடத்தில் வேலை, நாளை வேறிடத்தில். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

இவர்களைத் தேடிச் செல்லும் வழியைக் காட்டியது மற்றொரு ஆலை நகரமான அகமதாபாத். அங்கே 1920 முதல் வலுவான ஆலைத் தொழிலாளர் சங்கம் இருந்தது. அதன் மகளிர் பிரிவை நடத்திய இலா பட், 1971-இல் துணிச் சந்தைக்கே சென்று, தலைச்சுமை தூக்கும் பெண்களைச் சந்தித்தார். நடைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை நடை என்பதற்கோ கணக்கில்லை. இக்குறையை அவர் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் மறுத்து, நியாயமான கூலியே தருவதாக எழுதினர். பெண்கள் அந்த மறுப்பையே அட்டைகளில் அச்சிட்டுச் சந்தையில் வழங்கி, சொன்ன கூலியைக் கேட்டனர்!

அவ்வாண்டு டிசம்பரில் 'சேவா' சங்கம் பிறந்தது. முதலாளியே இல்லாத சங்கம் யாரை எதிர்த்துப் போராடும் என்று பதிவு அதிகாரிகள் தயங்கினர். உழைப்போர் ஒன்றுபடுவதற்கே சங்கம் என வாதாடி, 1972 ஏப்ரலில் பதிவு பெற்றனர். கடன் தொல்லையிலிருந்து மீள, 1974-இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியும் தொடங்கினர்.

தமிழகத்தில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளருக்கும், 2007-இல் வீட்டுப் பணியாளருக்கும் நல வாரியங்கள் அமைந்தன. ஆயினும் பதிவு செய்தவருக்கே வாரியத்தின் உதவி கிட்டும். எழுதப் படிக்கத் தெரியாத சித்தாளுக்கு விண்ணப்பத் தாளே ஒரு மதில்.

பெரம்பூர் ஆலை 1996-இல் மூடப்பட்டது. சித்தாளும் வீட்டுப் பணியாளரும் நம் தெருவிலேயே இருக்கின்றனர். அன்பார்ந்த பங்கு மக்களே, இவர்களுக்கு வேலை கொடுப்போர் வேறு யாருமல்லர், நாமே. உரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுப்போம். வாரியத்தில் பதிந்தாயிற்றா என்று விசாரிப்போம். இல்லையெனில், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அலுவலகம் வரை உடன் செல்வோம்.