'இட்ஸ்' என்கிற லேட் என்ட்ரி

இன்னைக்கு நம்ம கதை ஒரு குட்டி ஆங்கிலச் சொல்லைப் பற்றி: இட்ஸ், அதாவது 'அதனுடைய'. ஆபீஸ் மெயிலில் இதற்குத் தெரியாத்தனமாக ஒரு அபாஸ்ட்ரஃபி போட்டுவிட்டால் அது 'இட் இஸ்' ஆகிவிடும். உடனே "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. ஏன்னு சொல்றேன்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லே கிடையாது. அவனுடையதும் 'ஹிஸ்', அதனுடையதும் 'ஹிஸ்'தான். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் பதிப்பில் இட்ஸ் ஒரு இடத்தில்கூட இல்லை. படைப்புக் கதையில் வரும் மரத்துக்கும் ஹிஸ் தான். இன்றைய பிரதிகளில் லேவியராகமத்தில் ஒன்று இருக்கும். அது பிற்காலத்தில் அச்சிட்டவர்கள் சேர்த்தது.

1598-ல் ஜான் ஃப்ளோரியோ போட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில் இட்ஸ் எட்டிப்பார்க்கிறது. நம்ம 'அதன்' எவ்வளவு பழசுன்னு யோசிச்சா, இது நேத்துப் பிறந்த பிள்ளை.

இந்த வயசுதான் ஒருத்தரை மாட்டிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டல் நகரத்துப் பையன் தாமஸ் சாட்டர்டன், தானே கவிதை எழுதி, 15-ஆம் நூற்றாண்டுத் துறவி ரௌலி எழுதியது என்று கதை விட்டான். பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள். ஆனால் அதில் இட்ஸ் இருந்தது! ரௌலி காலத்தில் இல்லாத சொல். போலி என்பதற்கு அறிஞர்கள் காட்டும் தடயங்களில் இதுவும் ஒன்று. பாவம், சாட்டர்டன் 1770-ல் 17 வயதிலேயே இறந்துவிட்டான்.

சரி, அபாஸ்ட்ரஃபி? ஷேக்ஸ்பியர் காலத்தில் 'இட் இஸ்' என்பதைச் சுருக்கினால் பெரும்பாலும் 'டிஸ்' தான். அதனால் அபாஸ்ட்ரஃபி போட்ட இட்ஸை 'அதனுடைய' என்ற பொருளில் எழுதுவது சர்வசாதாரணம். பிறகு டிஸ் மெல்ல வழக்கொழிய, அபாஸ்ட்ரஃபி உள்ளதை 'இட் இஸ்' பிடித்துக்கொண்டது. இல்லாதது உடைமைக்கு என்று ஆனது. இந்தப் பிரிவினை நிலைத்ததே 1800-ஐ ஒட்டித்தான்.

நம்பலைன்னா 1787-ல் 39 பேர் கையெழுத்துப் போட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தைப் பாருங்க. முதல் பிரிவு, பத்தாம் உட்பிரிவு. 'அதனுடைய' என்று வரும் இடத்தில் அபாஸ்ட்ரஃபி ஜம்முனு உட்கார்ந்திருக்கும்.