துணியில் எழுதிய கை

சங்க நூல்களில் ஆடை பற்றிய குறிப்புகள் பல உள. அவற்றுள் பொருநராற்றுப்படையில் வரும் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. பசியோடும் கந்தல் உடையோடும் வந்து நின்ற பொருநனுக்குச் சோழன் கரிகாலன் புத்தாடை அளிக்கிறான். இழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மையும் பூவேலைப்பாடும் கொண்டு, பாம்பின் உரிபோல் அவ்வாடை விளங்கிற்று என்பது முடத்தாமக்கண்ணியார் தரும் செய்தி. கொடுத்த மன்னன் பெயர் நிலைத்திருக்கிறது. பாடிய புலவர் பெயரும் நிலைத்திருக்கிறது. அந்தப் பூவை ஆடையில் மலரவைத்த கலைஞன் பெயர் மட்டும் இல்லை. தமிழகத்தில் துணிமேல் ஓவியம் ஏறிய வரலாறு நெடுகிலும் இந்த வெற்றிடம் தொடர்கிறது. புகழ்பெற்ற ஓவியர்களின் கோடும் வண்ணமும் கணிப்பொறி வழியே டி-சர்ட்டின் மார்பில் வந்து பதியும் இக்காலத்தில், அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரைத் துணிகள் ஐரோப்பாவை மயக்கின. மூங்கில் எழுதுகோலால் கோடிட்டு, சாயவேரின் சிவப்பையும் அவுரியின் நீலத்தையும் ஏற்றிய அத்துணிகளுக்கு அங்கே எழுந்த வேட்கை மிகப் பெரிது. உள்நாட்டு நெசவாளரின் பிழைப்பைக் காக்க வேண்டி, பிரெஞ்சு அரசு 1686இல் அவற்றுக்குத் தடை விதித்து 1759 வரை நீட்டித்தது என்பதிலிருந்தே அதனை உணரலாம். ஐரோப்பிய வணிகர் தம் நாட்டார் விரும்பும் மாதிரிப் படங்களை இங்கு அனுப்பினர். நம் கைவினைஞர் அவற்றைப் பார்த்து எழுதினர். எழுதும்போதே தம் மண்ணின் கொடியையும் பூவையும் அவற்றுள் கலந்தனர். பிறர் ஓவியத்தைத் தழுவித் துணியில் புதிதாக ஒன்றைப் படைப்பது தமிழகத்துக்குப் புதிய தொழில் அன்று என்பதற்கு இதுவே சான்று. அத்துணிகள் இன்றும் உலகின் அருங்காட்சியகங்களில் உள்ளன. எழுதியவர் பெயர்கள் அவற்றோடு செல்லவில்லை.

ஓவியன் பெயர் மக்களிடையே பரவியது அச்சுப்பொறியின் வருகையால் எனலாம். இரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகம், அரண்மனைக்குள் இருந்த ஓவியத்தை ஏழையின் சுவருக்குக் கொண்டு வந்தது. அச்சுப் படத்துத் தேவியருக்குச் சரிகையும் துணியும் ஒட்டி அழகு பார்த்த வழக்கமும் இருந்தது. அவர் மறைந்து நூறாண்டு கடந்தபின், 2008இல், சென்னை சில்க்ஸ் நிறுவனம் அவருடைய 11 ஓவியங்களைப் பட்டில் நெய்வித்து ஒரு புடவையை வெளியிட்டது. இசைமகளிர் குழுவின் ஓவியம் முந்தானையில் இடம்பெற்ற அப்புடவையின் விலை ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய். இரவிவர்மாவின் பெயரை நாடே அறியும். அவர் வண்ணங்களை இழையிழையாகப் பட்டில் மீட்டெடுத்த நெசவாளரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

இந்நிலைக்கு மாறாக, ஓவியரே துணியைக் கையிலெடுத்த நிகழ்ச்சி ஒன்று தமிழகத்தில் நடந்தது. சென்னை அரசு கலைத்தொழில் பள்ளியின் முதல்வராக 1957இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர் பள்ளியைவிட்டு வெளியேறியதும் பிழைப்பைத் தேடி ஓவியத்தையே கைவிட நேர்வதைக் கண்டார். ஓவியம் வாங்குவோர் அரியராய் இருந்த காலம் அது. துணி வாங்குவோருக்குப் பஞ்சமில்லை. எனவே ஓவியர்கள் ஒன்றுகூடிக் கைவினைச் சங்கம் அமைத்து, 'பாத்திக்' என்னும் மெழுகுச் சாய முறையில் துணிகளில் வரைந்தனர். உருக்கிய மெழுகால் கோடிட்ட இடத்தில் சாயம் பற்றாது. மெழுகு வெடித்த கீறல்களில் மட்டும் நரம்புபோல் ஓடும். ஆதலின் ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. அத்துணிகளை விற்ற பணம் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கத் துணைபுரிந்தது. 1966இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. பெயரறியாத எழுத்துத்துணிக் கலைஞர் உழைத்த கடற்கரையின் பெயரையே அக்கிராமம் தாங்கியது பொருத்தமே.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். அவர்கள் துணிக்கு வரைந்தது ஓவியத்தை மலிவாக்குவதற்காக அன்று, ஓவியத்தை வாழவைப்பதற்காக. ஒரு பொழுது கைவினை, மறுபொழுது ஓவியம் என்பது அவர்களின் ஒழுங்காக இருந்தது. துணி சோறிட்டது, கித்தான் சுதந்திரமாக இருந்தது. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை, சாதகக் கட்டம்போலவும் ஏட்டுச்சுவடி போலவும் எழுத்தையே ஓவியமாக்கியது இக்காலத்தில்தான். நியூயார்க் நகரில் கீத் ஹேரிங் என்னும் ஓவியர் தம் கோட்டோவியங்களைத் தாமே டி-சர்ட்டுகளில் பதித்து விற்கக் கடை திறந்தது 1986இல். ஈஞ்சம்பாக்கம் அவரை இருபதாண்டுகள் முந்திக்கொண்டது.

அடுத்த மாற்றம் திருப்பூரில் நிகழ்ந்தது. பனியன் நகரமாக வளர்ந்திருந்த அவ்வூருக்கு 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் வெள்ளை டி-சர்ட் வாங்க வந்தார், ஏற்றுமதி பெருகியது. வெள்ளை மார்பு ஓவியத்துக்குக் காத்திருந்தது. ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் ஒரு வண்ணத்துக்கு ஒரு சட்டகம் வேண்டும். நாலு சட்டகம் என்றால் நாலு வண்ணமே. ஓர் ஓவியத்தின் நூறு சாயல்களை நான்கில் அடக்குபவன் எதை விடுவது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்தாக வேண்டும். வெண்பாவின் அடிக்குள் சொல்லை நிறுத்தும் புலவனின் இடர்ப்பாடும் அதுவே. அடோபி நிறுவனத்தின் இல்லஸ்டிரேட்டர் 1987இலும் போட்டோஷாப் 1990இலும் வந்தபின் வண்ணம் பிரிக்கும் வேலை கணிப்பொறிக்குச் சென்றது. பின்னர் வந்த நேரடித் துணி அச்சுப்பொறிகள் சட்டகத்தையே நீக்கிவிட்டன. வான்கோவின் விண்மீன் இரவை ஒரே ஒரு சட்டையில்கூட இன்று அச்சிடலாம். வசதி பெருகியது. தேர்ந்து விடுக்கும் கட்டாயம் குறைந்தது. தேர்ந்து எடுத்தவன் யார் என்னும் கேள்வியும் மங்கியது.

பெயர் மறைவதன் விளைவு சிறிதன்று. உலகின் சட்டைகளில் மிகுதியாகக் காணப்படும் முகங்களுள் ஒன்று சே குவேராவினுடையது. 1960இல் அப்படத்தை எடுத்த கியூப ஒளிப்படக் கலைஞர் ஆல்பர்ட்டோ கோர்டா, அதன் பரவலான விற்பனையிலிருந்து பங்கு எதுவும் பெறவில்லை. தமிழ்நாட்டில் அத்தகைய முகம் பாரதியினுடையது. தலைப்பாகை, மீசை, இரு கண்கள் என நாலைந்து கோடுகளில் அவர் சட்டையில் எழுந்துவிடுகிறார். பாரதியின் எழுத்துரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது. பின்னர் அவ்வெழுத்துகள் மக்களின் பொதுச்சொத்தாயின. ஆயின் பாரதியை வரைந்த ஓவியனின் கோடு அதனாலேயே பொதுவுடைமை ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியன் மறைந்தபின் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நிற்கும். 1977இல் மறைந்த பணிக்கரின் ஓவியங்களுக்கு 2037 முடிய அது உண்டு. சிற்றிதழ்களுக்கும் நூலட்டைகளுக்கும் தம் கோட்டோவியங்களால் முகம் தந்த கே.எம். ஆதிமூலம் 2008இல் மறைந்தார்; அவர் கோடுகளுக்கு 2068 முடிய உண்டு. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையோ, படைப்பை விற்றபின்னும் படைத்தவனை விட்டு நீங்குவதில்லை. ஒரு கவிதை வரியைப் பெயரின்றி எடுத்தாள்வதைத் திருட்டென்று சினக்கும் கவிஞருலகம், பெயரற்ற ஓவியத்தை மார்பில் சுமந்து நடப்பதில் குறை காண்பதில்லை.

மலைமேல் ஆடலூர், கீழே சமவெளியில் சுங்குடிப் புடவைக்குப் பெயர்பெற்ற சின்னாளப்பட்டி. ஊரின் பெயரால் புடவை அறியப்படுகிறது. புள்ளி வைத்த கையின் பெயர் அறியப்படுவதில்லை. காப்பித் தோட்டத்து இளைஞனின் டி-சர்ட்டும் இதற்கு விலக்கன்று. சட்டையின் உட்புறக் கழுத்தில் அளவையும் துவைக்கும் முறையையும் அச்சிட இடமிருக்கிறது. மூல ஓவியன் பெயரையும், அதனைத் துணிக்கேற்ப அமைத்தவன் பெயரையும் அங்கே சேர்க்க ஒரு வரி போதும். பொருநனின் ஆடையில் பூவமைத்தவனுக்குத் தரப்படாத வரி அது. அவனுக்கு இனித் தர இயலாது. அவன் வழிவந்தோருக்குத் தருவது இயலும்.